விற்றாயிற்று

ஒரு சாக்ஸுக்குள் மூன்று கிழங்கோடு வந்தார்
கொண்டலாம்பட்டி இருசப்பன்.
பதினாறு வருஷம் சாம்பியாவில்
செம்புச் சுரங்கத்துப் பட்டறையில் இருந்தவர்.
நாகலூர் சாலையில் இத்தனை நர்சரி இருக்க
எங்கள் கடைமுன் ஏன் வண்டியை நிறுத்தினார், தெரியாது.
மழைக்கு ஒதுங்கியிருக்கலாம்.

"கடையில் விக்கிற கிளாடியோலஸ் இல்லம்மா இது.
பூங்கொத்துக்கு ஆகாது.
அங்கே மழைக்காலத்தில் தண்ணி நிக்கிற புல்வெளி,
தம்போன்னு சொல்லுவாங்க,
இடுப்பளவு புல்லுக்கு மேலே இது மட்டும் தலை நீட்டும்.
சேலத்தில் வச்சா வெந்துபோகும். நீ வை."
ஏர்போர்ட்டில் என்ன சொன்னீர்கள் என்றேன்.
"சேப்பங்கிழங்கு."

முதலாவதை ஆனியில் நட்டேன், எல்லாரையும் போல.
ஐப்பசி அடைமழையில் தோண்டிப் பார்த்தால்
விரலில் கூழ்.
இரண்டாவதை முள்ளம்பன்றி தின்றது,
சாட்சிக்கு ஒரு முள்ளை விட்டுவிட்டு.
முதலாளியம்மா ரெபேக்கா அந்த முள்ளை எடுத்து
பேனாக்களோடு செருகிவைத்தாள்.

மூன்றாவதை நடவில்லை.
காப்பித்தூள் டப்பாவில் காய்ந்த மணலோடு
பூச்சிமருந்துப் பலகையில் வைத்து,
உண்மையைச் சொன்னால், மறந்துபோனேன்.

மார்கழியில்
சேர்வராயன் மேல் பனி இறங்கி, தரை காயத் தொடங்கியபோது
டப்பாவின் மூடி அரைவிரல் எழும்பியிருந்தது.
உள்ளே வெளிறிய ஒரு மூக்கு.

பூமத்திய ரேகையைத் தாண்டிவிட்டாய் என்று
யாரும் அதனிடம் சொல்லவில்லை.
அதன் கணக்கில் இப்போதுதான் மழை.

கணக்கை மாற்று என்று ஒரு கிழங்கிடம் எப்படிச் சொல்வது?
நான் மாறினேன்.
ஏரி கரையைவிட்டு இறங்கிப்போன மாசியில்
அரிசி கழுவியது, கை கழுவியது,
ரெபேக்கா பார்க்காத நேரம்
ரோஜாக்களின் பங்கிலிருந்து அரைக்குடம்.
ஒரு முழ அகலத் தொட்டியில்
மழைக்காலம் நடத்தினேன்.

பங்குனியில் பூத்தது.
பழுத்த காப்பிக்கும் பழுக்காததுக்கும் நடுவே
இரண்டு நாள் ஒரு நிறம் இருக்குமே, அது.
தொண்டையில் மட்டும் மஞ்சள்.
மேலிதழ் முன்னால் கவிந்து,
தூறலில் தலைப்பை நெற்றிவரை இழுத்துவிட்டு
தோட்டத்துக்குப் போகிறவளைப் போல.
தேன்சிட்டு காலையிலேயே வந்துவிட்டது.
அதற்கு யாரும் அறிமுகம் செய்துவைக்கவில்லை.

போன் போட்டேன்.
பின்னால் தறி ஓடும் சத்தத்தில் இரண்டுதரம் கேட்டார்:
"மணம் இருக்கா?"
இல்லை.
"அப்போ அதுதான்."
வேறெதுவும் கேட்கவில்லை, வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஈரோட்டுக் கார் ஒன்று நின்றது.
முன்னூறு என்றார்கள். ஐநூறு என்றார்கள்.
ரெபேக்கா என்னைப் பார்த்தாள்,
என் காலடியில் இருந்த அரைக்குடத்தைப் பார்த்தாள்.
ஒரு அட்டையில் எழுதி
முள்ளம்பன்றி முள்ளில் குத்தி
தொட்டியில் ஊன்றினாள்:
விற்றாயிற்று.

மலையெல்லாம் பச்சை திரும்பிய ஆனியில்
இது மட்டும் காய்ந்தது.
தோண்டினேன். நான் வைத்த கிழங்கு
கீழே தோலாய்ச் சுருங்கிக் கிடக்க,
அதன் முதுகில் உட்கார்ந்திருந்தது வேறொன்று.
சுற்றிலும் மிளகு மிளகாய்க் குஞ்சுகள்.
நாற்பத்தொன்று.

கிளியூர் ஓடைக்கு இறங்கும் வழியில்
எப்போதும் ஊறிக்கொண்டிருக்கும் ஒரு புல்தரை உண்டு.
சாம்பியா இல்லை, ஆனாலும் போதும்.
அள்ளிக்கொண்டு போனேன்.

சரிவு முழுக்க உண்ணிச்செடி.
அதையும் எவரோ ஒருவர்
பூ நன்றாயிருக்கிறதே என்று
கொண்டுவந்திருப்பார்.
காப்பியும் வந்ததுதான்,
அதற்கு நிழல் தரும் சில்வர் ஓக்கும்.
என் பிள்ளைகள் படித்தது அந்தக் கூலியில்.
உண்ணி விழுங்கிய எங்கள் மாட்டுத்தடமும்
இங்கேதான் எங்கோ இருக்கிறது.

உள்ளங்கை வியர்த்து
குஞ்சுகள் ஒட்டிக்கொண்டன.

நாற்பத்தொன்றையும் எண்ணி
திரும்ப டப்பாவில் போட்டேன்.
மார்கழிக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது.
மூடியை
இறுக்கவில்லை.